ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து வியாழனை எடைபோட்ட கதை

போன வாரம் ஒருவழியாகக் கணக்கு உட்கார்ந்தது. 1.92 × 10²⁷ கிலோ. புத்தகத்தில் இருப்பது 1.898 × 10²⁷. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே பிசகு. மொட்டை மாடி, பழைய டெலஸ்கோப், பழைய கேமரா, பிளைவுட் பெட்டி, தாத்தாவின் மளிகைக்கடை எடைக்கல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை எடைபோட்டதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் நடுவில் இரண்டு தடவை பாதி வியாழனும் ஒன்றேகால் வியாழனும் கிடைத்தன. அந்தக் கதையைத்தான் எழுதி வைக்கிறேன், அடுத்து யாராவது செய்தால் அதே குழியில் விழ வேண்டாம்.

ஆரம்பித்து வைத்தது மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். சீரான வட்ட இயக்கம் பாடம் முடிந்து ஈர்ப்பியல் போய்க்கொண்டிருந்தது. ஒரு கணக்கில் வியாழனின் நிறை கொடுக்கப்பட்டிருந்தது. "இதை யாருப்பா தராசுல வச்சுப் பார்த்தாங்க?" என்றாள். துணைக்கோள் சுற்றும் வட்டத்தின் ஆரமும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை வந்துவிடும் என்று சொன்னேன். அது அவள் புத்தகத்திலேயே இருந்தது. "சரி, அந்த ஆரத்தை யாரு அளந்தாங்க?" என்றாள். அதற்கு மேல் வாயால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, மிதுன ராசியில், இரவு முழுவதும் தெரியும் என்பது மட்டும் தெரியும். அப்போது டிசம்பர் முதல் வாரம். மழை விட்டபாடில்லை. தயார் செய்ய ஒரு மாதம் இருந்தது.

டெலஸ்கோப் 114 மில்லிமீட்டர் கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம், நியூட்டன் வகை. ஒரு கல்லூரி மாணவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் 7,500 ரூபாய்க்குக் கொடுத்தார். கூடவே ஒரு ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது துருவத்தை நோக்கிய அச்சில் வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கி. எங்கள் அருப்புக்கோட்டை அட்சரேகை ஒன்பதரை டிகிரி. அந்த மவுண்ட்டின் அச்சை அவ்வளவு தாழ்த்தினால் பேலன்ஸ் வெயிட் முக்காலியின் காலில் போய் இடிக்கிறது. துருவ நட்சத்திரமோ எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இந்த மவுண்ட் எல்லாம் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்காகச் செய்தது போல. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு மூலையில் வைத்துவிட்டேன். தெரிந்த ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் டாப்சன் வகைப் பெட்டி (டெலஸ்கோப்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கி) ஒன்று செய்யச் சொன்னேன். பிளைவுட்டும் கூலியும் சேர்த்து 1,900. வழுக்கிக்கொண்டு திரும்ப டெஃப்லான் துண்டுகள் 250. "என்னண்ணே, புறாக்கூடா?" என்று கேட்டுக்கொண்டே செய்தாலும் மூலைமட்டம் பிசகாமல் செய்து கொடுத்தார்.

முதலில் மொபைலில்தான் முயற்சி செய்தேன். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) மாட்டும் மொபைல் ஹோல்டர் ஏற்கனவே இருந்தது. படம் வந்தது, வியாழனின் நான்கு பெரிய நிலாவும் தெரிந்தன, வாட்ஸ்அப்பில் போட்டு நாலு பேரிடம் பாராட்டும் வாங்கினேன். அளக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் மொபைல் ஐபீஸுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே நிற்கிறது, அதனால் படத்தின் அளவே மாறுகிறது. ஓரத்தில் படம் வளையவும் செய்கிறது. ஒரே இரவில் பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் கலிஸ்டோ என்ற நிலாவின் தூரம் ஆறு சதவீதம் வேறுபட்டது. அழகான படம், அளவுக்கு உதவாது.

அதனால் வீட்டில் இருந்த பழைய 18 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். லென்ஸைக் கழற்றிவிட்டு, டெலஸ்கோப்பையே லென்ஸாக மாட்டுவது. கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி-ரிங்கும் ஒன்றேகால் அங்குலக் குழாயும் 1,350 ரூபாய். மாட்டினேன். ஃபோகஸ் வரவில்லை. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் வியாழன் ஒரு வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு நின்றது. இந்த வகைச் சின்ன நியூட்டன் டெலஸ்கோப் பலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. கண்ணால் பார்ப்பதற்குச் செய்தது, கேமராவின் சென்சார் அதன் உடம்புக்குள்ளே நாலரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஒளி குவியும் இடம் அங்கே எட்டுவதில்லை. நடுவில் வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போடலாம். ஆனால் அதுவும் மொபைல் போலத்தான், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து உருப்பெருக்கம் மாறும். இன்னொரு வழி, கீழே இருக்கும் பெரிய கண்ணாடியைக் குழாய்க்குள் மேலே ஏற்றிவிடுவது.

எவ்வளவு ஏற்ற வேண்டும்? இதை ஊகிக்காமல் அளந்தேன். பகலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் டவரை நோக்கித் திருப்பி, ஃபோகஸர் வாயில் டிரேசிங் பேப்பரைப் பிடித்து, உருவம் எங்கே தெளிவாக விழுகிறது என்று ஸ்கேலில் பார்த்தேன். கேமரா சென்சார் இருக்க வேண்டிய இடத்துக்கு 31 மில்லிமீட்டர் குறைந்தது. ஃபோகஸருக்குக் கொஞ்சம் இடம் விட்டு 35 என்று முடிவு செய்தேன்.

கண்ணாடி உட்கார்ந்திருக்கும் வளையம் மூன்று ஸ்க்ரூவில் குழாயோடு பிடித்திருக்கிறது. முதலில் கண்ணாடியை வளையத்தோடு கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதைச் செய்யாமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். ஏ4 தாளைக் குழாயைச் சுற்றி ஒட்டி, பழைய மூன்று ஓட்டைகளையும் அதில் குறித்து, அங்கிருந்து நேர் மேலே 35 மில்லிமீட்டரில் புதிய புள்ளிகள். சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு, 2 மில்லிமீட்டர் பிட்டால் வழி, பிறகு 4 மில்லிமீட்டர் பிட். தகரம் மெல்லியது, அழுத்தினால் உள்ளே குழிந்துவிடும். உள்ளே ஒரு மரக்கட்டையை ஒட்டுக்கொடுத்துப் போட்டேன். முதல் ஓட்டைக்கு அதை மறந்துவிட்டேன், அங்கே மட்டும் இன்றும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. பிசிறை அரத்தால் ராவி, இரும்புத் தூளைக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒற்றி எடுத்து, உள்ளே மேட் கறுப்புப் பெயின்ட் அடித்துக் காயவிட்டேன். ஸ்க்ரூ, வாஷர் 60 ரூபாய்.

மாட்டிய பிறகு கண்ணாடிகளை நேர்ப்படுத்த வேண்டும். அதற்குப் பழைய ஃபிலிம் டப்பாவின் மூடியில் நடுவில் ஓட்டை போட்டு ஃபோகஸரில் செருகிப் பார்ப்பதுதான் ஏழையின் வழி. ஒன்றேகால் அங்குலத்துக்கு அது தைத்து வைத்த மாதிரி பொருந்தும். ஃபிலிம் டப்பாவுக்கு இப்போது எங்கே போவது? பஜாரில் இருக்கும் பழைய ஸ்டுடியோக்காரர் ரப்பர் ஸ்டாம்ப் மை வைத்திருந்த டப்பாவைக் கழுவிக் கொடுத்தார். ஓட்டையை நடுவில் போடுவதற்குத்தான் மூன்று மூடி வீணானது.

அன்று இரவு மேகத்துக்கு நடுவே பத்து நிமிடம் வியாழன் தெரிந்தது. ஃபோகஸ் வந்தது. கேமராவின் கனத்தால் குழாயின் வாய்ப்பக்கம் மெதுவாகக் கவிழ்ந்ததும் வந்தது. அரைக் கிலோவுக்கு மேல் பாரம் மேல்முனையில் தொங்குகிறது. தாத்தா மளிகைக்கடை வைத்திருந்த காலத்து ஒரு கிலோ இரும்பு எடைக்கல் பரணில் இருந்தது. வெல்க்ரோ பட்டையில் குழாயின் கீழ்ப்பக்கம் கட்டி, சமன் வரும்வரை நகர்த்தினேன். அதற்குப் பிறகு குழாய் விட்ட இடத்தில் நின்றது. வேறு எந்தப் பாகமும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யவில்லை.

ஜனவரி 4 முதல் பிப்ரவரி 1 வரை 29 இரவுகள். மேகம் ஒன்பது இரவைத் தின்றது, பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனதில் மூன்று. மிச்சம் 17 இரவுகள், நிலாக்களை அளக்க 58 படங்கள். ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் எட்டில் ஒரு பங்கு விநாடி. டெலஸ்கோப் வானத்தைப் பின்தொடர்வதில்லை, ஆனாலும் அவ்வளவு குறைந்த நேரத்தில் நிலாக்கள் இழுபடுவது இரண்டு பிக்சலுக்குள்தான். நள்ளிரவில் வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும், எங்கள் ஊரில் 77 டிகிரி உயரம், டாப்சன் பெட்டியை அங்கே திருப்புவது பெரும்பாடு. எட்டு ஒன்பது மணிதான் வசதி. பனி கேமராவில் சொட்டுச் சொட்டாக நின்றது. கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் அது மட்டும் ஈரமாகவில்லை. மாதக் கடைசியில் நம் பூமியின் நிலா வியாழனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று படத்தை வெளுக்க வைத்தது.

அளப்பது எளிதுதான். படத்தைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து வியாழனின் நடுவையும் ஒவ்வொரு நிலாவையும் கர்சரால் தொட்டு எண்களை எழுதிக்கொள்வது. ஆனால் டாப்சன் பெட்டியில் படம் மணிக்கு மணி சாய்ந்துகொண்டே போகும். கிழக்கு எது மேற்கு எது என்று தெரிய, ஒவ்வொரு இரவும் டெலஸ்கோப்பைத் தொடாமல் விட்டு அடுத்தடுத்து நான்கைந்து படம் எடுத்தேன். பூமி சுற்றுவதால் வியாழன் படத்தில் நகரும், நகரும் கோடுதான் கிழக்கு மேற்கு. இந்தப் படங்கள் பின்னால் வேறொரு விதத்தில் என்னைக் காப்பாற்றின.

கணினியில் கணக்குப் போடுவதற்கு முன் மகள் கிராஃப் தாளில் போடலாம் என்றாள். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த மாலை அதுதான். நாம் வட்டத்தைப் பார்ப்பதில்லை. வட்டத்தைப் பக்கவாட்டில் இருந்து, தட்டை ஓரமாகப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்க்கிறோம். நிலா ஒரு கோட்டில் போய்ப் போய் வருகிறது. ஓரத்தில் தயங்குகிறது, நடுவில் ஓடுகிறது. இதை வட்டமாகத் திருப்ப, கலிஸ்டோவின் அதிகபட்சத் தூரமான 621 பிக்சலை ஆரமாக வைத்து, ஐந்து பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில், 12.4 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டோம். ஒரு தாளில் அடங்காமல் இரண்டு தாளை ஒட்டினோம். ஒவ்வொரு இரவின் தூரத்தையும் விட்டத்தில் குறித்து, அங்கிருந்து செங்குத்தாக ஏறி வட்டத்தைத் தொடுவது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புள்ளி வரும். வியாழனை விட்டு விலகுகிறதா நெருங்குகிறதா என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பிறகு கோணமானியை வைத்து அடுத்தடுத்த இரவுகளுக்கு இடையே எத்தனை டிகிரி என்று அளந்தாள். 22, 21, 21½, 23, 20, 22. ஒரே அளவு! கோட்டில் தயங்கியும் ஓடியும் போவது வட்டத்தில் ஒரே வேகத்தில் போகிறது. கனிமீடுக்கும் போட்டாள், நாளுக்கு 50 டிகிரி சொச்சம். சீரான வட்ட இயக்கத்தில் "சீரான" என்ற சொல்லுக்கு இதற்கு முன் நான் மதிப்பு கொடுத்ததில்லை.

கோணம் சில இடங்களில் மட்டும் தறிகெட்டுப் போனது. ஒரு நாள் 16, மறுநாள் 27. எல்லாம் நிலா ஓரத்தில் நின்ற இரவுகள். யோசித்தால் புரியும். ஓரத்தில் மூன்று பிக்சல் தப்பாகத் தொட்டால் கோணம் ஐந்தரை டிகிரி வரை போகும், அதாவது கலிஸ்டோவின் ஆறு மணி நேர ஓட்டம். நடுவில் அதே மூன்று பிக்சல் பிசகு இருபது நிமிடம்கூட இல்லை. ஆக, நேரத்தை அளக்க நடுவில் இருக்கும் இரவுகள், ஆரத்தை அளக்க ஓரத்தில் இருக்கும் இரவுகள். இது முன்பே தெரிந்திருந்தால் எந்த இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது என்று திட்டம் போட்டிருப்பேன்.

அப்புறம் கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள். நேரம் ஒரு வரிசை, பிக்சல் ஒரு வரிசை, சைன் அலை ஒன்று, வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டி அதைக் குறைக்கும்படி அதில் இருக்கும் சால்வர் என்ற கருவியிடம் சொல்வது. கலிஸ்டோ, கனிமீடு, யூரோப்பா மூன்றும் மடமடவென்று வந்தன. அயோதான் சோதித்தது. மகள் நோட்டில் அதை "ஐயோ" என்றே எழுதி வைத்திருந்தாள், பெயருக்கு ஏற்ற குணம். முதல் பத்து இரவுகளின் தரவைக் கொடுத்ததும் சால்வர் 2.30 நாள் என்று அழகாகப் பொருத்திக் காட்டியது. உண்மையில் அயோ சுற்ற 1.77 நாள். பொருத்தத்தில் குறையே இல்லை, புள்ளி எல்லாம் அலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் விடை தப்பு.

காரணம் என் சோம்பேறித்தனம். அந்தப் பத்து இரவும் ஒன்பது மணிக்கு ஒரே ஒரு தடவை மட்டும் படம் எடுத்துவிட்டுக் கீழே போயிருந்தேன். சரியாக 24 மணிக்கு ஒருமுறை பார்த்தால், 1.77 நாளில் ஒரு பக்கம் சுற்றுவதும் 2.30 நாளில் எதிர்ப்பக்கம் சுற்றுவதும் ஒரே மாதிரி தெரியும். சினிமாவில் மாட்டுவண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போல் தெரியும் அல்லவா, அதே ஏமாற்று. அதன் பிறகு எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, முடிந்தால் விடியற்காலை நாலரைக்கு என்று எடுத்தேன். அயோ மூன்று மணி நேரத்தில் அறுபது பிக்சல் வரை நகர்கிறது, கண்ணுக்கே தெரிகிறது. அந்த நாலரை மணிப் படங்கள் ஆறு. அந்த ஆறும் சேர்ந்ததும் 2.30 உடைந்து 1.77 வந்தது.

இப்போது பிக்சலைக் கிலோமீட்டராக்க வேண்டும். இங்கேதான் பாதி வியாழன் காணாமல் போனது.

வியாழனின் விட்டம் 1,42,984 கிலோமீட்டர் என்று தெரியும். படத்தில் அதன் தட்டு 58 பிக்சல். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 2,465 கிலோமீட்டர். கனிமீடின் 353 பிக்சலைப் பெருக்கினால் 8,70,000 கிலோமீட்டர். 4π² ஆல் ஆரத்தின் கனத்தைப் பெருக்கி, ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹ ஆலும் காலத்தின் வர்க்கத்தாலும் வகுத்தேன். 1.02 × 10²⁷ வந்தது. கிட்டத்தட்டப் பாதி. ஒரு மணி நேரம் கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டேன். மகள்தான் படத்தைப் பெரிதாக்கி, "தட்டு ரொம்ப வெளுத்துப்போய் ஓரத்துல வழியுதேப்பா" என்றாள். நிலாக்கள் தெரிய வேண்டும் என்று வைத்த எக்ஸ்போஷரில் வியாழன் பொங்கி வழிந்து, 47 பிக்சல் இருக்க வேண்டியது 58 ஆகிவிட்டது. தூரத்தில் 18 சதவீதப் பிசகு. ஆனால் கணக்கில் தூரம் மூன்று முறை பெருக்கப்படுகிறது, அதனால் நிறையில் 46 சதவீதம் காலி.

வியாழனின் விட்டத்தை நம்பாமல் இருக்க வழி தேடியபோதுதான் கிழக்கு மேற்குக்காக எடுத்த படங்கள் ஞாபகம் வந்தன. பூமி சுற்றும் வேகம் எனக்குத் தெரியும், வானம் விநாடிக்கு 15.04 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) நகரும். இரண்டு நிமிடத்தில் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று பார்த்தால் ஒரு பிக்சல் எத்தனை ஆர்க் செகண்ட் என்று வந்துவிடும். யாருடைய புத்தகமும் தேவையில்லை, நம் காலடியில் சுற்றுவதே அளவுகோல். ஆனால் கேமரா கோப்பில் நேரம் முழு விநாடியில்தான் பதிகிறது, கையால் பட்டனை அழுத்தியதில் முன்பின் இருந்தது. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு இன்டர்வெல் டைமர் வாங்கி, 30 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்து மறுபடி எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் 1,697 பிக்சல்.

இதை வைத்துப் போட்டால் 2.36 × 10²⁷. இப்போது கால் பங்கு அதிகம்!

இது முழுக்க என் அறியாமை. 15.04 என்பது வான நடுக்கோட்டில், அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோட்டில், இருக்கும் நட்சத்திரத்துக்கு. துருவத்தை நோக்கிப் போகப் போக நட்சத்திரம் சுற்றும் வட்டம் சிறியதாகும், எல்லாமே 24 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்பதால் வேகம் குறையும். வட்ட இயக்கத்தை அளக்க உட்கார்ந்தவன் வட்ட இயக்கத்திலேயே வழுக்கி விழுந்தேன். வியாழன் அப்போது நடுக்கோட்டுக்கு 22.2 டிகிரி வடக்கே இருந்தது. அதன் கொசைன் 0.926. விநாடிக்கு 13.93 ஆர்க் செகண்ட்தான். அப்படித் திருத்தினால் ஒரு பிக்சல் 0.985 ஆர்க் செகண்ட். கேமராவின் பிக்சல் அளவு 4.3 மைக்ரான், குவியத் தூரம் 900 மில்லிமீட்டர், இரண்டையும் வைத்துத் தனியாகப் போட்டாலும் அதே எண் வருகிறது. அப்போதுதான் மூச்சு வந்தது.

வியாழன் வரைக்குமான தூரத்தை ஒவ்வொரு இரவுக்கும் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் இருந்து எடுத்தேன். எதிரே நின்ற நாளில் 4.23 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்), மாதக் கடைசியில் 4.30. இது கொஞ்சம் ஏமாற்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையாலும் கிட்டத்தட்டப் போடலாம். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு என்றால் கெப்ளர் விதிப்படி தூரம் 5.2 அலகு, நம்முடைய ஒன்றைக் கழித்தால் 4.2. ஒளி அங்கிருந்து வர 35 நிமிடம் ஆகிறது. ஒரு மாதத்தில் அது அரை நிமிடம் போலத்தான் மாறுகிறது என்பதால் விட்டுவிட்டேன். அயோவின் கிரகண நேரங்கள் இப்படிக் கூடிக் குறைவதைப் பார்த்துத்தான் டென்மார்க் வானியலாளர் ரோமர் 1676-ல் ஒளிக்கு வேகம் உண்டு என்றார், அதை அளக்கும் ஆசை இப்போது எனக்கும் வந்திருக்கிறது, அது வேறு கதை.

எதிரே நின்ற நாளில் ஒரு பிக்சல் 3,022 கிலோமீட்டர். கடைசிக் கணக்கு இப்படி வந்தது. அயோ 1.77 நாள், 4,28,000 கிலோமீட்டர், நிறை 1.98. யூரோப்பா 3.55 நாள், 6,75,000, நிறை 1.93. கனிமீடு 7.16 நாள், 10,66,000, நிறை 1.87. கலிஸ்டோ 16.6 நாள், 18,76,000, நிறை 1.90. நிறை எல்லாம் × 10²⁷ கிலோ. நான்கும் தனித்தனியாக அளந்தவை. நான்கும் ஒரே ஆளைக் கைகாட்டுகின்றன. சராசரி 1.92.

கலிஸ்டோ புத்தக எண்ணையே தொட்டதில் துள்ளிக் குதித்தேன். பிறகு பார்த்தால் அதன் காலம் 16.69 இருக்க வேண்டியது எனக்கு 16.6, ஆரம் 18,82,700 இருக்க வேண்டியது சற்றுக் குறைவு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கில்லை. அயோவில் அதிகம் வந்ததற்குக் காரணமும் தெரிகிறது. வியாழனின் வெளிச்சத்துக்கு மிக அருகில் இருப்பதால் அது பக்கத்தில் இருக்கும் படங்களையெல்லாம் தள்ளிவிட்டேன், மிச்சமிருந்தவை ஓரத்தில் இருந்தவை.

நியூட்டனிடம் ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு இல்லை. அவர் இதே நிலாக்களை வைத்துச் சூரியனில் வியாழன் எத்தனையில் ஒரு பங்கு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது, 1,067-ல் ஒன்று என்றார். இன்றைய கணக்கு 1,047. கிலோவில் சொல்ல 1798-ல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவெண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்து அளந்த பிறகுதான் வழி பிறந்தது. என் கணக்கிலும் அந்த ஒரு எண் கடன் வாங்கியதுதான்.

மகள் இன்னொரு கணக்குப் போட்டாள். எங்கள் நிறையை வைத்துப் பார்த்தால் வியாழனின் மேக உச்சியில் ஈர்ப்பு முடுக்கம் 25 சொச்சம் வருகிறது. அங்கே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால் தாத்தாவின் எடைக்கல் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காட்டும். தட்டுத் தராசில் வைத்தால் அங்கேயும் ஒரு கிலோதான் என்றேன். "அப்ப வியாபாரத்துக்குத் தட்டுத் தராசுதான் நியாயம்" என்றாள்.

மொத்தச் செலவு, கேமராவை விட்டுவிட்டு, 11,860 ரூபாய். அடுத்த தடவை செய்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு எக்ஸ்போஷர் எடுப்பேன், வியாழனின் நடுவைக் கண்டுபிடிக்கக் குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, நிலாக்களுக்கு ஒன்று. முதல் இரவிலிருந்தே இரவுக்கு மூன்று நேரம். இன்டர்வெல் டைமரை முதல் நாளே வாங்கிவிடுவேன். எந்த நிலா எது என்பதை அன்றன்றே எழுதி வைப்பேன். இரண்டு இரவு யூரோப்பாவையும் கனிமீடையும் மாற்றி எழுதிவிட்டு அவை ஏன் அலையில் உட்காரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கண்ணாடியை மேலே ஏற்றிய பிறகு ஐபீஸில் கண் வைத்துப் பார்க்க முடிவதில்லை, ஃபோகஸரை முழுக்க வெளியே இழுத்தாலும் போதவில்லை. 35 மில்லிமீட்டர் நீட்சிக் குழாய் ஒன்று லேத் பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்து வியாழன் எதிரே வருவது 2027 பிப்ரவரியில். அதற்குள் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.